கையெழுத்திடும் முன்: பணி ஒப்பந்தமும் அறிவுசார் சொத்துரிமையும்

நம் பாட்டன்மார் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தனர். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை. பேரப்பிள்ளைகளாகிய நாம் பட்டம் பெற்றிருக்கிறோம். ஆயினும், வேலை கிடைத்த மகிழ்ச்சியில் நீட்டிய தாளிலெல்லாம் படிக்காமலே கையெழுத்திடுகிறோம். அவர்களுக்கு எழுத்தறிவு இல்லாமை காரணம். நமக்கு அச்சம் காரணம். விளைவு என்னவோ ஒன்றுதான்.

நம் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் மாணவ மாணவியருள் பலர் சென்னை, பெங்களூர், ஓசூர், திருப்பூர் என்று வேலை தேடிச் செல்கின்றனர். பணியில் சேரும் நாளில் தரப்படும் தாள்க்கட்டில் நியமன ஆணை இருக்கும். வருங்கால வைப்பு நிதிப் படிவம் இருக்கும். வங்கிப் படிவம் இருக்கும். அவற்றுக்கு நடுவே ‘அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம்’ என்று ஒன்றும் இருக்கக் கூடும். ஊழியர் உருவாக்கும் வரைபடம், எழுத்து, கணினி நிரல், கண்டுபிடிப்பு ஆகியவை யாருக்குச் சொந்தம் என்பதை முடிவு செய்யும் தாள் அது.

அத்தகைய தாள் ஒன்றில் கையெழுத்திட மறுத்ததால் வேலையை இழந்தவன் நான். அதைச் சொல்லி இரக்கம் தேடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சட்டம் எதை முதலாளிக்குத் தருகிறது, எதை ஊழியரிடமே விட்டு வைக்கிறது, எதை எவராலுமே எழுதிக் கொடுக்க இயலாது என்ற மூன்றையும் நண்பர்களுக்கு விளங்கச் சொல்வதே நோக்கம். அந்த வேலை போன பிறகு, சட்ட உதவி வழக்கறிஞரிடமும் நூலகத்திலும் நான் கேட்டும் படித்தும் அறிந்தவை இவை.

நடந்தது என்ன?

என் தந்தையார் மரச்சிற்பத் தொழிலாளர். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரங்களில் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு என்பதை நண்பர்கள் அறிவர். எங்கள் வீட்டில் ஒரு பழைய வரைபட நோட்டு இருக்கிறது. யாளி, அன்னம், கொடிக்கருக்கு, தாமரை முதலியவற்றின் கோட்டுப் படங்கள் அதில் உள்ளன. சில என் தந்தையார் வரைந்தவை; சில அவருடைய குருநாதர் வரைந்து கொடுத்தவை; சில யார் வரைந்தவை என்று எவருக்கும் தெரியாத அளவுக்குப் பழையவை.

இளங்கலை முடித்தபின் கணினியில் படம் வரையக் கற்று, அலங்கார மரச்சாமான்கள் செய்து விற்கும் ஒரு நிறுவனத்தில் வரைவாளராகச் சேர்ந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. ஓராண்டும் எட்டு மாதமும் கழிந்தபின், எல்லா ஊழியர்க்கும் புதிய ஒப்பந்தம் ஒன்று தரப்பட்டது. அதன் மூன்றாம் விதி இவ்வாறு அமைந்திருந்தது: ஊழியர் பணியில் சேருமுன் உருவாக்கியவை, பணிக்காலத்தில் எந்நேரத்திலும் எவ்விடத்திலும் உருவாக்குபவை, பணியிலிருந்து நீங்கி இரண்டாண்டுகளுக்குள் உருவாக்குபவை ஆகிய அனைத்தும் நிறுவனத்துக்கே உரியவை.

நான் மேலாளரிடம் சென்று, “சார், ஆபீசுல வரையுறது கம்பெனிக்குத்தான், அதுல எனக்கு மறுப்பில்லை. சேர்றதுக்கு முன்னாடி உள்ளதுன்னா எங்க அப்பா நோட்டும் சேர்ந்துடுமே?” என்றேன்.

“எல்லாரும் போட்டுட்டாங்க தம்பி. இது வெறும் சம்பிரதாயம்” என்றார் அவர்.

“சம்பிரதாயம்தான்னா அந்த ஒரு வரியை அடிச்சுடலாமே சார்.”

அந்த வரி அடிக்கப்படவில்லை. அதை நீக்கித் தருமாறு எழுத்து மூலமும் கேட்டேன். மூன்றாம் நாள், இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நடந்தது இவ்வளவே.

முதற்கூறு: சம்பளத்துக்குச் செய்த வேலை

நியாயத்தை முதலாளி பக்கத்திலிருந்தே தொடங்குவோம். பணி கொடுத்து, இடம் கொடுத்து, கருவி கொடுத்து, மாதம் தவறாமல் ஊதியமும் கொடுப்பவர் அந்தப் பணியின் பயனைக் கேட்பது முறையே. நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் (1957) 17ஆம் பிரிவில் இதைக் கூறுகிறது. ஊழியர் ஒருவர் தம் பணியின் போக்கில் உருவாக்கும் படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, முதலாளியே முதல் உரிமையாளர். நிறுவனத்தின் மேசையில் நிறுவனத்துக்காக நான் வரைந்த கட்டில் தலைப்பலகையின் படம் நிறுவனத்துடையதே. அதற்குத் தனி ஒப்பந்தம்கூடத் தேவையில்லை.

கண்டுபிடிப்புகளின் நிலை சற்று வேறு. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, காப்புரிமை கோரி விண்ணப்பிக்கத் தக்கவர் உண்மையான முதற் கண்டுபிடிப்பாளர் அல்லது அவரிடமிருந்து உரிமையை எழுதி வாங்கியவர். ஊழியர் கண்டுபிடித்தது தானாகவே முதலாளியைச் சேரும் என்று அச்சட்டம் வெளிப்படையாகக் கூறவில்லை. ஆகவேதான் நிறுவனங்கள் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக் கொள்கின்றன. அந்தத் தாளுக்கு ஏன் இத்தனை அவசரம் என்பது இப்போது விளங்கும். அந்தக் கையெழுத்துக்கு விலை உண்டு. அது வெறும் சம்பிரதாயம் அன்று.

விலை எவ்வளவு என்று அறிய ஜப்பான் நாட்டு நிகழ்ச்சி ஒன்று போதும். நீலநிற ஒளி தரும் எல்.இ.டி.யைச் செயலுக்குக் கொண்டுவந்த அறிஞர்களுள் ஒருவர் சூஜி நாகமுரா. அப்போது அவர் நிச்சியா என்னும் நிறுவனத்தின் ஊழியர். அக்கண்டுபிடிப்புக்கு நிறுவனம் அவருக்குக் கொடுத்த தொகை 20,000 யென். ஒரு நல்ல கைக்கடிகாரத்தின் விலைதான். அவர் வழக்குத் தொடுத்தார். 2004இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டின்போது, 2005இல், ஏறத்தாழ 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஏற்பட்டது. 2014இல் நாகமுராவுக்கு இயற்பியல் நோபல் பரிசின் பங்கு கிடைத்தது. இங்கிலாந்திலும், யூனிலீவர் குழும நிறுவனத்தில் பணியாற்றிய ஷாங்க்ஸ் என்னும் அறிஞருக்கு 20 லட்சம் பவுன் தரவேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்புக் கூறியது. ஊழியரின் கண்டுபிடிப்பால் முதலாளி மிகுந்த பயன் அடைந்தால், அதில் நியாயமான பங்கு தரவேண்டும் என்பது அந்நாட்டின் 1977ஆம் ஆண்டுச் சட்டம். நம் காப்புரிமைச் சட்டத்தில் அத்தகைய விதி இல்லை. எனவே நம் நாட்டில் ஒப்பந்தத்தை ஊன்றிப் படிக்க வேண்டிய தேவை இன்னும் அதிகம்.

இரண்டாங்கூறு: தன்னுடைய நேரத்தில், தன்னுடைய கையால்

பணிக்கு வருமுன் செய்தவையும், பணி முடிந்தபின் செய்பவையும், பணிக்குச் சம்பந்தமில்லாமல் வீட்டில் செய்பவையும் யாருக்கு? இக்கேள்விக்கு அண்டை மாநிலமாகிய கேரளத்தில் நல்ல விடை ஒன்று கிடைத்தது.

‘டோம்ஸ்’ என்ற பெயரில் படம் வரைந்த வி. டி. தாமஸ் மலையாள மக்களின் அன்புக்குரிய கேலிச்சித்திரக்காரர். போபன், மோளி என்னும் இரு குறும்புப் பிள்ளைகளை அவர் படைத்தார். மலையாள மனோரமா நிறுவனத்தில் பல்லாண்டுகள் பணியாற்றினார். அந்த வார இதழைக் கையில் வாங்கியவுடன் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அப்பிள்ளைகளைத் தேடும் வழக்கம் கேரளத்தில் இருந்தது என்பர். 1987இல் அவர் பணியிலிருந்து விலகி, வேறோர் இதழில் அதே பிள்ளைகளை வரைய முற்பட்டபோது, அவர்கள் தமக்கே சொந்தம் என்று நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. பணியில் சேர்வதற்கு முன்பே தாமஸ் அப்பாத்திரங்களைப் படைத்துவிட்டார். ஆகவே அவை நிறுவனத்துக்கு உரியவை ஆகா. பணியிலிருந்து விலகியபின் அவர் வரைபவையும் அவருக்கே உரியவை என்று 1988இல் நீதிமன்றம் கூறியது. பணிக்காலம் என்பது ஒரு வேலி. அதற்கு முன்னும் பின்னும் உள்ள நிலம் ஊழியருடையது என்பதே இத்தீர்ப்பின் சாரம்.

‘பணி நீங்கி இரண்டாண்டு’ என்பது போன்ற விதிகளுக்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே தடையாக நிற்கிறது. ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அதன் 27ஆம் பிரிவு. பணியில் இருக்கும்போது வேறோர் இடத்தில் உழைக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தலாம். இதை உச்ச நீதிமன்றம் 1967இல் கோலிகாரி வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் தொடரும் தடையை 27ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை என்பதைக் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான வழக்கில் 2006இல் அதே நீதிமன்றம் எடுத்துரைத்தது. நிறுவனத்தின் வணிக இரகசியத்தை வெளியிடலாகாது என்பது வேறு. கற்ற தொழிலையே செய்யலாகாது என்பது வேறு.

பதிப்புரிமையை எழுதிக் கொடுப்பதற்கும் முறை உண்டு. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு என்று எழுத்தில் குறிப்பிட்டு, எழுதிக் கொடுப்பவர் கையெழுத்திட வேண்டும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். ‘அனைத்தும்’ என்ற ஒரு சொல்லால் ஒருவரின் வாழ்நாள் படைப்புகளை வாரிக்கொள்வது எளிதன்று.

ஆயினும், கையெழுத்திட்ட பின் வருந்திப் பயனில்லை என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்க நாட்டின் டெக்சஸ் மாநிலத்தில் எவான் பிரவுன் என்னும் கணினி வல்லுநர் 1987இல் டி.எஸ்.சி. கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தபோது இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பழைய கணினி நிரல்களைப் புதிய மொழிக்கு மாற்றும் வழி ஒன்று அவர் சிந்தையில் நெடுநாளாக இருந்தது. 1996இல், இது என் சொந்த எண்ணம், இதை விட்டுக் கொடுங்கள் என்று நிறுவனத்தைக் கேட்டார். நிறுவனம் மறுத்தது, அவரும் எண்ணத்தை வெளியிட மறுத்தார். 1997இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். தாளில் எழுதப்படாத, தலைக்குள் மட்டுமே இருந்த எண்ணத்துக்காக வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. அவர் அதை வெளியிட வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. 2004இல் மேல்முறையீட்டிலும் அவர் தோற்றார். முன்பு இட்ட கையெழுத்தே அவருக்கு எதிராக நின்றது.

அதே நாட்டின் கலிபோர்னியா மாநிலமோ 1979இலேயே வேறு வழி கண்டது. ஊழியர் தம் சொந்த நேரத்தில், நிறுவனத்தின் கருவிகளைப் பயன்படுத்தாமல், நிறுவனத்தின் தொழிலுக்குத் தொடர்பின்றி உருவாக்கியதை ஒப்பந்தத்தால் பறிக்க இயலாது என்று அங்கே சட்டமே இயற்றினர். ஒரே நாட்டில் இரண்டு மாநிலம், இரண்டு நியாயம். சட்டம் தெளிவாக இருக்கும் இடத்தில் ஊழியர் தனித்துப் போராட வேண்டியதில்லை என்பதே இதன் பாடம்.

மூன்றாங்கூறு: எவராலும் எழுதிக் கொடுக்க இயலாதவை

தனக்குச் சொந்தமில்லாத நிலத்தை ஒருவர் கிரயம் எழுதிக் கொடுத்தால் அது செல்லுமா? செல்லாது. அறிவுக்கும் இதே நியதிதான். எங்கள் வீட்டு நோட்டில் உள்ள பழைய வரைபடங்கள் எனக்குச் சொந்தமல்ல. என் தந்தையாருக்கும் முழுச் சொந்தமல்ல. அவற்றை நான் எப்படி எழுதிக் கொடுப்பேன்? என் மறுப்புக்கு அடிப்படை இதுவே.

இதில் நம் ஊருக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. 1999ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஓர் ஊரின் மண்ணாலோ, மக்களின் கைத்திறனாலோ தனித்தன்மை பெற்ற பொருளுக்கு அவ்வூரின் பெயரைப் பயன்படுத்தும் உரிமையைப் பதிவு செய்யலாம். அதற்கான பதிவகம் நம் சென்னையில் கிண்டியில்தான் இருக்கிறது. பதிவு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தக்கது. இச்சட்டத்தின் 24ஆம் பிரிவு நண்பர்கள் நினைவில் கொள்ளத் தக்கது. புவிசார் குறியீட்டு உரிமையை விற்கவோ, வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கவோ, அடகு வைக்கவோ இயலாது. தனியொருவரின் காப்புரிமையை விலைக்கு வாங்கலாம். ஓர் ஊரின் பெயரை வாங்க முடியாது.

வரைபடங்களுக்கும் ஓரளவு காப்பு உண்டு. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி, புதியதாக இல்லாத வடிவத்தையும், முன்பே வெளியாகிவிட்ட வடிவத்தையும் பதிவு செய்ய இயலாது. நூற்றாண்டுகளாகக் கோயில் கதவிலும் தேரிலும் நிற்கும் கொடிக்கருக்கை ஒரு நிறுவனம் தனதென்று பதிவு செய்துகொள்ள முடியாது. ஆனால் அது பழையது என்று காட்டச் சான்று வேண்டும். தேதியிட்ட நோட்டும் நிழற்படமும் அந்த வகையில் பெருஞ்செல்வம்.

கல்வராயன் மலையிலிருந்து வந்து நம்முடன் பயிலும் நண்பர்களுக்கு இக்கூறு மேலும் பொருந்தும். கடுக்காய் எந்தப் பருவத்தில் பறிக்கத் தக்கது, எந்த வேர் எந்த நோய்க்கு, எந்தத் தேன் எந்த மாதத்தில் என்பவற்றை வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழும் மலையாளி மக்கள் பாட்டி வழி, பாட்டன் வழி அறிந்துள்ளனர். அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவர் நாளை மூலிகை மருந்து நிறுவனத்தில் சேரலாம். ‘உனக்குத் தெரிந்த அனைத்தும்’ என்று ஒரு தாள் அவர்முன் வைக்கப்படலாம். வழிவழி வந்த அறிவுக்குக் காப்புரிமை இல்லை என்று நம் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கூறுகிறது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995இல் தரப்பட்ட காப்புரிமை, நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்ததால் 1997இல் நீக்கப்பட்டதும் இதே நியாயத்தால்தான். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியே அவ்வழக்கில் சாட்சி எனலாம்.

மலைமக்களின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி நிகழ்ச்சியும் உண்டு. 1987இல் அகத்தியமலைப் பகுதியில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர்கள், உடன்வந்த காணி இளைஞர்கள் களைப்பின்றி நடப்பதைக் கண்டு காரணம் கேட்டனர். அவர்கள் ஒரு செடியின் காயைக் காட்டினர். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கி, கோவை ஆரிய வைத்திய பார்மசிக்குத் தயாரிப்பு உரிமை வழங்கியது. உரிமைத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு பங்கு. அவ்விரண்டிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. அதைப் பெறுவதற்காக 1997இல் அறக்கட்டளை பதிவாயிற்று. அறிவைக் கொடுப்பதை எவரும் தடுக்கவில்லை. கொடுப்பவரைக் கேட்டு, பங்கும் வைத்து வாங்குக என்பதே நியாயம்.

இன்னும் ஒன்றும் எழுதிக் கொடுத்தாலும் போகாதது: படைத்தவரின் பெயர். பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னும், இது என் படைப்பு என்று சொல்லும் உரிமையும், அது சிதைக்கப்படும்போது எதிர்க்கும் உரிமையும் படைப்பாளிக்கு உண்டு என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. தில்லி விஞ்ஞான் பவனில் இருந்த, சிற்பி அமர்நாத் சேகல் படைத்த வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் பெயர்த்தெடுக்கப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது. அச்சிற்பம் அரசின் சொத்துதான். ஆயினும் சிற்பி நீதிமன்றம் சென்றார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைக்கவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் ஆணையிட்டது. பெயர் தெரியாமல் உழைத்துப் பழகிய நம் ஊர்ச் சிற்பிகள் அறியவேண்டிய தீர்ப்பு இது.

மறுத்தால் என்ன ஆகும்?

இவ்வளவு சட்டம் இருந்தும் வேலை போய்விட்டதே என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒப்பந்த விதி செல்லாது என்பது ஒன்று. அதை மறுத்தவரின் வேலை நிலைக்குமா என்பது மற்றொன்று. முதலாவதில் சட்டம் நமக்குத் துணையாக நிற்கிறது. இரண்டாவதில் அதன் துணை குறைவு.

இருக்கும் துணை இது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947) 41ஆம் பிரிவின்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து பணிபுரிந்தவரைத் தக்க காரணம் இன்றி நீக்கலாகாது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தரவேண்டும். காரணம் தகாது எனில் ஊழியர் அதற்குரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் காலக்கெடு உண்டாதலால் தாமதிக்கலாகாது. தொழிற்சாலை முதலியவற்றில் பணிபுரிவோர்க்கு முன்பு 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. என்னைப் பொறுத்தவரை, சட்ட உதவி வழக்கறிஞர் எழுதிய ஒரு கடிதத்தால் ஒரு மாத ஊதியம் வந்தது. வேலை திரும்பவில்லை.

சம பலம் இல்லாத இருவருக்கிடையே ஏற்படும் ஒப்பந்தத்தை நீதிமன்றங்கள் கண்மூடி ஏற்பதில்லை என்பதும் அறியத்தக்கது. 1986இல் பிரஜோநாத் கங்குலி வழக்கில், பொதுத்துறை நிறுவனம் ஒன்று காரணம் கூறாமலே ஊழியரை நீக்க வகை செய்த விதியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வேறு வழியின்றிப் புள்ளியிட்ட கோட்டில் கையெழுத்திடும் எளியவரை, நியாயமற்ற விதி கட்டுப்படுத்தாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. அதற்கு முன்பே 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், பசியும் வறுமையும் ஒருவரை வேறு வழியில்லாமல் உழைக்க வைத்தால் அதுவும் கட்டாயமே என்று நீதிபதிகள் விளக்கினர்.

இக்கருத்து நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. கச்சிராயபாளையம் கடந்து மேலே ஏறினால் வரும் கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகிர்தாரர்களின் ஆட்சியில் இருந்தது. நாடு 1947இல் விடுதலை பெற்றது. மலைக்கோ 1976 வரை அந்த ஆட்சி நீடித்தது. வரியும் கொடுத்து, கூலியில்லா உழைப்பும் கொடுத்து வாழ்ந்ததை மலையின் முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். அவ்வாண்டு ஜூன் 25ஆம் நாள் அரசு மலையைத் தன் பொறுப்பில் ஏற்றது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1976இல்தான். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து செய்யும் வேலையை அந்தக் கொடுமையோடு ஒப்பிடுவது தகாது. ஆயினும் ஒரு நூலிழை இரண்டையும் இணைக்கிறது. ‘மாட்டேன்’ என்று சொல்ல வழியில்லாத இடத்தில் ‘சரி’ என்பதற்கும் பொருள் இல்லை.

செய்யத்தக்கவை

என் அனுபவத்தாலும் படிப்பாலும் நண்பர்களுக்குக் கூறக்கூடியவை இவை.

ஒன்று, தாளைக் கையில் வாங்கியவுடன் கையெழுத்திடாமல் ஒரு படியும் இரண்டு நாள் அவகாசமும் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பல இடங்களில் தருவார்கள்.

இரண்டு, ‘முன்னர்’, ‘பின்னர்’, ‘எந்நேரத்திலும்’, ‘எவ்விடத்திலும்’, ‘அனைத்தும்’ என்ற சொற்களின் கீழே கோடிடுங்கள். சிக்கல் அங்கேதான் இருக்கும். ‘பணியின் போக்கில்’ என்ற சொற்றொடர் இருந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை.

மூன்று, பணியில் சேருமுன் நீங்கள் உருவாக்கியவற்றின் பட்டியலை ஒப்பந்தத்துடன் இணைக்கக் கோருங்கள். ‘இவை நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் பல நிறுவனங்கள் இணங்குகின்றன.

நான்கு, சொந்த வேலைக்கு நிறுவனத்தின் கணினியையோ நேரத்தையோ பயன்படுத்தாதீர்கள். உங்கள் உரிமையை நீங்களே கலங்கடிக்கும் செயல் அது.

ஐந்து, எழுத்து, படம் முதலிய படைப்புகளைத் தேதியிட்டு வையுங்கள். படைத்தவுடனே பதிப்புரிமை உண்டாகிவிடும், பதிவு கட்டாயமன்று. ஆயினும் பதிவு நல்ல சான்று.

ஆறு, கேட்பதையும் மறுப்பதையும் எழுத்தில் செய்யுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும்.

ஏழு, தகராறு நேர்ந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், குறைந்த வருமானமுடையோர் முதலியோருக்கு வழக்கறிஞர் உதவி இலவசம் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம்.

எல்லாரும் மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் உலை கொதிக்க வேண்டிய நிலையில் ஒருவர் கையெழுத்திட்டால் அவரைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை. இடுவது எதில் என்று அறிந்து இடவேண்டும் என்பதே என் வேண்டுகோள். மறுப்பதானால், அதன் விலை என்னவென்று அறிந்தே மறுக்க வேண்டும். அவ்விலையை நான் கொடுத்தேன். மறுபடியும் அதே தாள் வந்தாலும் அதே விடைதான் சொல்வேன்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். இறுதியாண்டு மாணவர்க்கு நேர்முகத் தேர்வில் எவ்வாறு பேசுவது என்று பயிற்சி தருகிறோம். அதோடு ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், ஒரு பணி ஒப்பந்தத்தை வரிவரியாக வகுப்பில் வாசித்துப் பொருள் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். நம் மாணவருள் பாதிப்பேர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுபவர்கள். அத்தகைய தாளை வீட்டில் படித்துச் சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை; அந்த ஆளாகக் கல்லூரி இருக்கட்டும்.